மணலில் எழுதிய அயலவர்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

பணியின் பொருட்டு அயல்நாடு செல்வோர் அந்நாட்டுப் பண்பாட்டை அறிந்தவராய்த் திரும்புவர் என்பது உலகோர் நம்பிக்கை. இந்நம்பிக்கையில் பாதியே உண்மை. இருபதாண்டுகள் ஓர் அயல்நாட்டில் ஊதியம் பெற்றும், அந்நாட்டார் ஒருவர் வீட்டில் ஒருவேளை உண்டறியாமல், விலை கேட்பதற்கும் வழி கேட்பதற்கும் வேண்டிய சில சொற்களுக்கு மேல் அவர்தம் மொழியை அறியாமல் மீண்டோர் உண்டு. அந்நாட்டைப் பற்றி அவர்கள் கூறுவன எல்லாம், இங்கிருந்து புறப்படும் முன்னரே அவர்கள் எண்ணியிருந்தனவாகவே இருக்கும். வேறு சிலரோ சில ஆண்டுகளுக்குள் வேற்றாரின் சிரிப்புக்கும் சினத்துக்கும் காரணம் அறிந்தவராகின்றனர். இந்த நுண்ணறிவு எங்கிருந்து வருகிறது? அயல்நாட்டில் இருந்தமையால் வருகிறதா? செய்த பணியினால் வருகிறதா? அன்றி வேறொன்றினால் வருகிறதா?

இவ்வினாவை ஆராய்வதற்குத் தமிழ்க் கடற்கரையிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. அயல்நாட்டிற்குச் சென்ற தமிழர் ஒருவர் அல்லர் அச்சான்று. தமிழகத்தை அயல்நாடாகக் கொண்டு இங்குப் பணியாற்ற வந்த செருமானிய இளைஞர் ஒருவர். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அவர் சமயப் பணியைப் போற்றுவதோ தூற்றுவதோ இவ்வுரையின் நோக்கம் அன்று. ஒரு மனிதர் வேற்றுப் பண்பாட்டை எவ்வாறு அறிந்தார், அந்த அறிவு அவரை என்ன செய்தது என்பதே இங்கு நோக்கம்.

எண்பத்தாறு ஆண்டுகள்

தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். பொன்னேட்டில் தமிழில் பொறிக்கப்பட்ட அவருடைய மடல், டென்மார்க்கின் தலைநகரில் இன்றும் பேணப்படுகிறது. தரங்கம்பாடியில் டேன்சுபோர்க்குக் கோட்டை எழுந்தது. கப்பல்கள் வந்தன, மிளகும் துணியும் சென்றன. ஆளுநர்களும் கணக்கர்களும் போர்வீரர்களும் வந்து தங்கி மறைந்தனர்.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் சீகன்பால்கும் அவர் தோழர் புளுட்சோவும் அக்கரையில் இறங்கியபோது, தென்மார்க்கர் அங்குக் குடியேறி எண்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் கோட்டைக்கும் ஊருக்கும் இடையே வழங்கிய மொழி தமிழன்று. கடற்கரை வாணிகத்தில் பரவியிருந்த போர்த்துக்கீசிய மொழியே. நட்புமடல் தமிழில் போயிற்று. அன்றாடப் பேச்சோ மூன்றாம் மொழி ஒன்றில் நடந்தது. பண்டம் மாற்றுவதற்கு அது போதுமானதாயிருந்தது. வாணிகம் தன் தேவைக்கு மேல் ஒரு சொல்லையும் கற்பதில்லை.

ஆகவே, அயல்நாட்டில் வாழ்வதும் பணி செய்வதும் மட்டுமே ஒருவருக்குப் பண்பாட்டறிவைத் தந்துவிடா என்பது தரங்கம்பாடி கூறும் முதற் செய்தி.

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை

சீகன்பால்கு 1682இல் சாக்சனி நாட்டுப் புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தவர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்ப இங்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. அவர் செய்ய வந்த பணி, பேச்சையே கருவியாகக் கொண்ட பணி. துணி வாங்குவோர்க்கு விரல்கள் போதும். மனத்தை மாற்ற வந்தவர்க்கு விரல்கள் போதா. பணியின் இயல்பே அவரைத் தமிழின் வாயிலுக்குத் தள்ளியது.

முதிய தமிழாசிரியர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்தார். சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அகரம் பயின்றார். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஒருவர், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, அவர்களினும் பின்தங்கிய மாணாக்கராய் அமர்ந்த காட்சியை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஆயினும் ஓர் இடர் நேர்ந்தது. அம்முதியவர்க்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. எழுத்துக் கைவந்தது, படிக்கவும் வாய் பழகியது, பொருள் மட்டும் விளங்கவில்லை. பின்னர் அழகப்பன் என்பவர் துணைக்கு வந்தார். அவர் முன்பு தென்மார்க்கு வாணிகக் குழுவின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்தவர். செருமானிய ஏடுகள் அவரை அலெப்பா என்று குறிக்கும். அவர் வாயிலாகவே சொற்களுக்குப் பொருள் திறந்தது.

வேற்றுப் பண்பாட்டுக்குள் நுழைவோர் பலர் நின்றுவிடும் இடம், எழுத்து வந்து பொருள் வராத இந்த இடமே. வணங்கும் முறை, உண்ணும் முறை, உடுக்கும் முறை ஆகியவற்றைக் கண்டு, அவற்றைப் போலச் செய்யவும் பழகிவிடுவர். பண்பாட்டை அறிந்துவிட்டதாகவும் கருதுவர். அவர்கள் அறிந்தது எழுத்தின் வடிவை மட்டுமே. பொருளைக் கூற அம்மண்ணுக்குரிய ஒருவர் வேண்டும்; அவரிடம் கேட்கும் பணிவும் வேண்டும்.

உடைந்த உருவங்கள்

அப்பணிவு சீகன்பால்கிடம் தொடக்கத்திலேயே முழுமையாக இருந்ததென்று கூறுவதற்கில்லை. தொடக்க ஆண்டுகளில் தரங்கம்பாடிக்கு அண்மையிலிருந்த கோயில் ஒன்றில் நிறுத்தப்பட்டிருந்த உருவங்கள் சிலவற்றை அவர் தள்ளி வீழ்த்தினார்; சிலவற்றின் தலைகளை உடைத்தார். அவற்றிற்கு ஆற்றல் இல்லை என்பதை மக்களுக்குக் காட்டுவதே நோக்கம். அங்கு நின்ற ஊராசிரியர் ஒருவர் அதற்கு விடை கூறினார். உடைக்கப்பட்டவை தெய்வங்களே அல்ல. தெய்வத்தின் படைவீரர்கள் என்றார். இச்செய்தியை எழுதி வைத்தவர் சீகன்பால்கே.

அவ்விடையில் சினம் மிகுதியாக இல்லை. ஒரு திருத்தம் மட்டுமே உண்டு. ஆனால் அத்திருத்தம் அயலவரின் செயலை அடியோடு பொருளற்றதாக்கிவிட்டது. தாம் எதை எதிர்க்கிறோம் என்பதையே அறியாமல் எதிர்த்தார் என்பதை, கையோங்காமல், ஒரு வாக்கியத்தில் உணர்த்திவிட்டார் அவ்வூராசிரியர்.

பின்னாளில், 1713இல், இதே சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களின் மரபு வரலாற்றைச் செருமானிய மொழியில் விரிவாக எழுதி முடித்தார். பராபரவத்து, மும்மூர்த்திகள், ஊர்த்தெய்வங்கள், தேவர்கள் என்று அந்நூல் பகுக்கப்பட்டுள்ளது. ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி முதலிய ஊர்த்தெய்வங்களுக்குத் தனிப்பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டது. வடமொழி நூல்களை மட்டும் பார்த்து எழுதியிருப்பின் இத்தெய்வங்களுக்கு அங்கு இடம் இருந்திராது. ஊராரிடம் கேட்டமையால் இடம் கிடைத்தது. ஒவ்வோர் உருவமும் எது, அதன் பெயர் என்ன, அதற்கு யார் எதைப் படைப்பர் என்று கேட்டு எழுதும் நிலைக்கு வந்து சேர்ந்தார், உருவங்களை உடைத்த அம்மனிதர்.

ஒரு நாளின் கணக்கு

இம்மாற்றம் திடீரென்று நிகழ்ந்ததன்று, உழைப்பினால் வந்தது. தம் நாட்பொழுதை எவ்வாறு செலவிட்டார் என்பதை 1708ஆம் ஆண்டு மடலில் அவர் விளக்கியுள்ளார். காலையில் முன்பு கற்ற சொற்களை மீண்டும் ஓதுதல். பின்னர் நண்பகல் வரை, தமிழ்ப் புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு முன்பு படித்திராத நூல்களைப் படித்தல். பிற்பகலிலும் அதே பணி. விளக்கேற்றிய பின் கண்ணுக்கு ஓய்வளித்து, பிறர் படிக்கத் தாம் செவிமடுத்தல். பேச்சிலும் எழுத்திலும் தாம் பின்பற்றத்தக்க நடையுடைய நூல்களையே தேர்ந்தெடுத்தார். அத்தகைய ஆசிரியர் ஒருவரை நூறு முறையும் படித்ததாகக் கூறுகிறார்.

ஓலைச்சுவடிகளைத் திரட்ட எழுத்தர்களை உள்நாட்டிற்கு அனுப்பினார். கற்றோர் மறைந்த வீடுகளில் கைம்பெண்களிடமிருந்து சுவடிகள் விலைக்கு வாங்கப்பட்டன. இவ்வாறு திரண்ட நூற்றுக்கும் மேற்பட்ட சுவடிகளுக்கு 1708இல் விளக்கப் பட்டியல் ஒன்று எழுதினார். திருக்குறளும் அதில் உண்டு. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமானிய மொழியில் பெயர்த்தார். திண்ணைப் பள்ளிச் சிறுவர் மனப்பாடம் செய்யும் நூல்களிலிருந்தே தம் மொழிபெயர்ப்பைத் தொடங்கினார் என்பது கருதத்தக்கது. ஒரு மக்கள் தம் பிள்ளைகளுக்கு முதன்முதல் எதைச் சொல்லிக் கொடுக்கின்றனர் என்பதை அறிந்தவர், அவர்கள் எதை நல்லதென்று கருதுகின்றனர் என்பதை அறிந்தவராவார்.

அம்மொழிபெயர்ப்பின் முன்னுரை இவ்வுரைக்கு மிகவும் வேண்டிய ஒன்று. இம்மக்கள் கல்வியும் ஒழுக்கமும் அறியாத காட்டுமக்கள் என்று ஐரோப்பியர் பலர் எண்ணுவதையும், அவ்வெண்ணம் இவர்தம் மொழியை அறியாமையால் விளைந்தது என்பதையும் அதில் அவர் எடுத்துரைக்கிறார். தாமும் இங்கு வந்த புதிதில் இவர்தம் மொழிக்கு ஒழுங்கான இலக்கணம் இருக்கும் என்றோ, இவர்தம் வாழ்வில் நெறிமுறை இருக்கும் என்றோ எண்ணவில்லை என்றும், நூல்களைப் படிக்கத் தொடங்கிய பின்னரே அம்மயக்கம் தெளிந்தது என்றும் எழுதுகிறார். ஆள வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் நிறைந்த காலத்தில் இவ்வாறு எழுத ஓர் உள்ளத்திண்மை வேண்டும்.

கேட்ட வினாக்கள்

நூல்கள் மட்டும் போதா என்பதையும் அவர் கண்டார். நூல் ஒரு மக்கள் எவ்வாறு வாழவேண்டும் என்று கூறும்; எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை வாழ்வோரே கூற வேண்டும். 1712 முதல் 1714 வரை அவரும் உடன்பணியாளர் கிரண்ட்லரும் தமிழர்க்கு வினாக்களை மடல்களாக அனுப்பினர். சமயம், திருமணம், மருத்துவம், நாட்கணக்கு, அன்றாட வாழ்க்கை எனப் பல பொருள்கள் பற்றிய வினாக்கள் அவை. வந்த விடைகளில் தொண்ணூற்றொன்பது மடல்கள் செருமானிய மொழியில் பெயர்க்கப்பட்டு ஆலே நகரில் அச்சாயின. அவற்றுள் மிகப்பல அழகப்பன் எழுதியவையாகலாம் என்று பிற்கால ஆய்வாளர் கருதுவர்.

அவ்வினாக்களுள் ஒன்று தனிச்சிறப்புடையது. எங்களைப் பற்றி நீங்கள் என்ன எண்ணுகிறீர்கள் என்பதே அது. விடைகள் மழுப்பலாக வரவில்லை. ஆவைக் கொன்று உண்கின்றனர்; கள்ளுண்டு மயங்குகின்றனர்; தூய்மை பேணுவதில்லை; தாம் போதிக்கும் நெறியில் தாமே நிற்பதில்லை என்று எழுதினர் தமிழர். அவ்விடைகள் அச்சேறி, அவற்றால் குற்றம் சாட்டப்பட்டோரின் நாட்டிலேயே படிக்கப்பட்டன.

அயலவர் தம்மைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்று கேட்பதும், வந்த விடையை மறைக்காமல் வெளியிடுவதும் எளிய செயல்கள் அல்ல. பிறரை ஆராய்வோர் பலர். பிறர் தம்மை ஆராய இடங்கொடுப்போர் சிலர். பண்பாட்டு நுண்ணறிவு முற்றுப்பெறுவது இந்த இரண்டாம் நிலையில்தான். தன் வழக்கமும் ஒரு வழக்கமே, தன் தூய்மையும் பிறர் கண்ணுக்கு அழுக்காகலாம் என்பதை ஒருவர் உணர்வது அப்போதே.

தாயகத்தின் விடை

அயல்நாட்டில் கற்றதைத் தாயகம் மகிழ்ந்து ஏற்கும் என்பதற்கு உறுதி இல்லை. தரங்கம்பாடியிலேயே அவர்க்கு முதல் தடை தம் போன்ற ஐரோப்பியரிடமிருந்து வந்தது. 1708இன் இறுதியில் தென்மார்க்கு ஆளுநர் அவரைச் சிறையிலிட்டார். நான்கு திங்கள் கோட்டைக்குள் கழிந்தன. பெரிய தடை பின்னர் வந்தது. தெய்வங்களின் மரபு வரலாறு ஆலே நகரை அடைந்தபோது, அங்கிருந்த பெரியவர் பிராங்கே அதை அச்சிட இசையவில்லை. பிற சமயத்தை வேரறுக்கவே பணியாளர் அனுப்பப்பட்டனர். அச்சமயத்தின் பொய்க்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்லர் என்பது அங்கு எழுந்த கருத்து.

சுவடி பேழைக்குள் உறங்கியது. 1713இல் எழுதிய நூல் 1867இல் சென்னையில் செர்மன் என்பவரால் வெளியிடப்பட்டது. 1711இல் எழுதிய தமிழர் சமயம் பற்றிய நூல் 1926இலும், 1708இல் பெயர்த்த மூன்று நீதிநூல்களும் 1930இலும், ஆம்சுடர்டாமில் காலந்து என்னும் அறிஞரால் அச்சேறின. இருநூற்று இருபத்திரண்டு ஆண்டுகள் கொன்றைவேந்தன் செருமானிய மொழியில் காத்திருந்தது. எழுதியவரோ 1719ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், முப்பத்தாறு வயதில், தரங்கம்பாடியில் மறைந்து, ஓராண்டுக்கு முன் தாம் எழுப்பிய கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.

வேற்றாரை அறிந்தவர் அடையும் தனிமை இது. சென்ற நாட்டில் அவர் அயலவர். திரும்பிப் பேசும்போது தாய்நாட்டிலும் பாதி அயலவர். தாயகம் அவரிடம் எதிர்பார்ப்பது தன் பழைய எண்ணத்திற்குப் புதிய சான்று. அவர் கொண்டு வருவதோ அவ்வெண்ணத்திற்கு மறுப்பு.

எல்லைகளும் மறைந்த பெயர்களும்

சீகன்பால்கை மிகைப்படுத்துதல் நேர்மையன்று. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அண்டிரீக்கு அடிகளார் தமிழ் கற்று, 1578இல் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். சீகன்பால்கு வந்த சில ஆண்டுகளில் தமிழகம் புகுந்த வீரமாமுனிவர், தேம்பாவணி பாடும் அளவுக்குத் தமிழை ஆண்டார். தரங்கம்பாடி விவிலியத்தின் தமிழை எள்ளி எழுதியவரும் அவரே. அவ்வெள்ளலில் சமயப் பூசல் உண்டு, உண்மையும் உண்டு. செய்யுளின் உயரத்தைச் சீகன்பால்கு எட்டவில்லை. ஆனால் கடற்கரை மக்களிடம் வினாவி, அவர்தம் விடைகளை அவர்தம் குரலிலேயே ஐரோப்பாவுக்கு அனுப்பிய பெருமை அவருடையது. மேலும், அறிதல் வேறு, உடன்படுதல் வேறு. இறுதி வரை அவர் தம் சமயத்தைப் பரப்பவே முயன்றார். தமிழர் சமயம் பொய் என்றே கருதினார். தாம் உடன்படாத ஒன்றையும் பிழையின்றி எழுத வேண்டும் என்ற நேர்மை அவரிடம் வளர்ந்தது. அந்த நேர்மையே இங்குப் பாராட்டுக்குரியது.

இன்னொரு செய்தியையும் மறத்தல் ஆகாது. 1714இல் அவர் ஐரோப்பாவுக்குச் சென்றபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். 1716இல் ஆலே நகரில் வெளிவந்த தமிழ் இலக்கணம் உருவாக அவர் துணை நின்றார். இலத்தீனில் அமைந்த அந்நூலின் முகப்பில் சீகன்பால்கின் பெயரே காணப்படுகிறது. மலையப்பனும் பணியின் பொருட்டு அயல்நாடு சென்றவரே. அவர் செருமனியில் எதைக் கண்டார், எதற்கு வியந்தார், எதற்கு நகைத்தார் என்று மடல் எழுதிக் கேட்டிருப்பின், தொண்ணூற்றொன்பது மடல்களுக்கு இணையான இன்னொரு தொகுதி தமிழர்க்குக் கிடைத்திருக்கும். மணல் பரப்பிக் கொடுத்த முதியவர், நூறு முறை படித்த நூலுக்கு உரை கூறிய புலவர், படைவீரர் என்று திருத்திய ஊராசிரியர் ஆகியோர் இல்லாமல் சீகன்பால்கின் அறிவு இல்லை. அயலவரின் நூல்களைப் பாராட்டும்போது அவருக்கு ஆசிரியராயிருந்தோரையும் எண்ணுதல் கடன்.

கவிஞர் முன் உள்ள வினா

இன்று வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தமிழர் பணியாற்றுகின்றனர். அவர்கள் எழுதும் கவிதைகளில் தாயகத்தின் மழையும் தாயின் சமையலும் பிரிவுத்துயரும் நிறைந்துள்ளன. அவை வேண்டியவையே. ஆயினும் அக்கவிதைகளில், அடுத்த கட்டிலில் உறங்கும் வங்காளத் தொழிலாளியும், அரபு நாட்டு மூதாட்டியும், மலாய்க் கடைக்காரரும் எத்தனை இடங்களில் தம் குரலில் பேசுகின்றனர்? மண்ணைப் பிரிந்த வருத்தம் தமிழ்க் கவிதைக்குப் பழையது. வந்து சேர்ந்த மண்ணைக் கேட்டறியும் ஆவல் இன்னும் பெருக வேண்டும்.

இவ்வினா கடல் கடந்தோர்க்கு மட்டும் உரியதன்று. திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும் சென்னையின் கட்டடப் பணிகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர் உழைக்கின்றனர். அவர்களுக்குத் தமிழகமே அயல்நாடு. மணல் பரப்பிக் கொடுத்த அம்முதியவரின் இடத்தில் இன்று இருப்போர் இங்குள்ள தமிழர். வந்தவர்க்கு வேலை கொடுத்தாயிற்று. பெரும்பாலும் ஒரு பொதுப்பெயரும் கொடுத்தாயிற்று. அவர்தம் ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கும் பாடம் எது, அவர்தம் தாலாட்டு எது, தமிழரைப் பற்றி அவர்கள் என்ன எண்ணுகின்றனர் என்று கேட்டோர் சிலரே. விடை இனிமையாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தரங்கம்பாடியில் வந்த விடைகளும் இனியவை அல்ல.

இவ்வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. ஒரு திங்கள் கூட்டத்திற்கு அத்தகைய தொழிலாளர் ஒருவரை அழைத்து, அவர் மொழிப் பாடல் ஒன்றைப் பாடச் சொல்லி, பொருளையும் அவரிடமே கேட்டு, கவிஞர் ஒருவர் தமிழில் எழுதி வைப்பாராயின், அது இம்மலருக்குப் பின் வரும் மலர்களில் இடம்பெறத் தக்க பணியாகும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. மாணாக்கராய் அமரும் மனம் ஒன்றே வேண்டும்.